டாமி ரைலியின் ஹார்மோனிகா: நான்கு படைப்புகள் அடங்கிய ஓர் இசைத்தட்டு

மவுத் ஆர்கன் என்று நாம் சொல்லும் ஹார்மோனிகாவைத் தனி வாத்தியமாக வைத்து, பின்னால் ஒரு முழு வயலின் குழுவை அமர்த்தி, மேற்கத்திய செவ்வியல் இசை வாசித்த கலைஞர்கள் மிகச் சிலரே. அந்தச் சிலரில் ஒருவரான டாமி ரைலியின் இசைத்தட்டு ஒன்றை மூன்று மாதங்களாகத் திரும்பத் திரும்பக் கேட்டுவருகிறேன். அகாடமி ஆஃப் செயின்ட் மார்ட்டின் இன் த ஃபீல்ட்ஸ் குழு நெவில் மாரினரின் தலைமையில் உடன் வாசித்து, 1970-களில் ஆர்கோ நிறுவனத்தின் எல்.பி. தட்டாக வெளிவந்து, பின்னர் சாண்டோஸ் நிறுவனத்தால் குறுந்தட்டாக மறுபடியும் வெளியிடப்பட்ட பதிவு இது. ரால்ஃப் வான் வில்லியம்ஸின் ‘ரொமான்ஸ்’, கார்டன் ஜேக்கபின் ‘ஃபைவ் பீசஸ்’, வில்லெம் டௌஸ்கியின் ‘கான்செர்ட்டினோ’, ஜேம்ஸ் மூடியின் சிறிய இசைத்தொகுதி ஒன்று என நான்கே படைப்புகள் இதில் உள்ளன. மவுத் ஆர்கன் ஒன்றையாவது வாழ்க்கையில் கையில் எடுத்து ஊதிப் பார்த்தவர் எவரும் இதைக் கேட்க வேண்டும் என்பது என் முடிவான கருத்து. அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் இந்த வாத்தியத்தில் எது கடினம் என்பது தெரியாமல் ரைலியின் சாதனை காதில் விழாது. கேட்க இனிமையாக இருக்கிறது என்ற அளவில் கடந்து போய்விடும்.

என்னிடம் பன்னிரண்டு துளைகள் கொண்ட க்ரோமாட்டிக் ஹார்மோனிகா ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு துளையிலும் நான்கு சுரங்கள் உண்டு: ஊதினால் ஒன்று, இழுத்தால் ஒன்று, பக்கவாட்டில் இருக்கும் பட்டனை அழுத்திக்கொண்டு ஊதினால் ஒன்று, அழுத்திக்கொண்டு இழுத்தால் ஒன்று. ஆகவே உள்ளே, மூச்சில் அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய உலோகத் தகடுகளான ரீடுகள் மொத்தம் நாற்பத்தெட்டு. சங்கராபரணத்தின் ஆரோகணத்தை இதில் வாசிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஸட்ஜம் ஊத வேண்டிய சுரம். ரிஷபம் இழுக்க வேண்டியது. காந்தாரம் ஊத வேண்டியது. மத்யமம் இழுக்க வேண்டியது. பஞ்சமம் ஊத வேண்டியது. தைவதமும் நிஷாதமும் இழுக்க வேண்டியவை. மேல் ஸட்ஜத்துக்கு மறுபடியும் ஊத வேண்டும். எட்டு சுரங்களுக்குள் மூச்சின் திசை ஆறு முறை மாறுகிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு நூலிழை அளவுக்கு ஒலி அறுபடும். பழகாதவர் வாசிக்கும்போது அந்த அறுபடுதல்தான் முதலில் காதில் விழும். பாட்டு திக்கித் திக்கி நடப்பதுபோல் இருக்கும்.

வயலினிலும் வில் இப்படியும் அப்படியும் போகத்தான் செய்கிறது. ஆனால் வயலின் வாசிப்பவர் எந்தச் சுரத்தையும் எந்தத் திசையிலும் இழுக்கலாம். பாட்டின் பொருளுக்கு ஏற்ப எங்கே வில்லை மாற்றுவது என்பதை அவரே முடிவு செய்கிறார். ஹார்மோனிகாக்காரருக்கு அந்த உரிமை இல்லை. எந்தச் சுரத்துக்கு எந்த மூச்சு என்பதைக் கருவி முன்பே தீர்மானித்துவிட்டது. ஒரு நீண்ட சங்கதியின் நடுவே, பாடகர் மூச்சு விடவே கூடாத இடத்தில், இவர் மூச்சின் திசையையே திருப்பியாக வேண்டும். திருப்பியது கேட்பவருக்குத் தெரியவும் கூடாது. இந்த ஒரு சிக்கலைத் தீர்ப்பதில்தான் ரைலியின் வாழ்நாள் உழைப்பின் பெரும்பகுதி சென்றிருக்கிறது என்று இந்தத் தட்டைக் கேட்கக் கேட்கத் தோன்றுகிறது.

அவருடைய வாழ்க்கையும் அப்படித்தான் சொல்கிறது. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் உள்ள குவெல்ஃப் என்ற ஊரில் 1919 ஆகஸ்ட் 21 அன்று பிறந்தவர். தந்தை ஜேம்ஸ் ரைலி ஓர் இசைக்குழுத் தலைவர். ஹார்மோனிகா வாசிக்கும் குழு ஒன்றையும் அமைத்து நடத்தியவர். மகன் எட்டு வயதில் வயலின் கற்கத் தொடங்கினார். பதினொரு வயதில் தந்தையின் குழுவில் ஹார்மோனிகாவைக் கையில் எடுத்தார். வயலின் முதலில், ஹார்மோனிகா பிறகு என்ற இந்த வரிசை முக்கியமானது. 1935-இல் குடும்பம் லண்டனுக்குக் குடிபெயர்ந்தது. இரண்டாம் உலகப் போர் மூண்டபோது ரைலி ஜெர்மனியின் லைப்சிக் இசைப்பள்ளியில் மாணவராக இருந்தார். எதிரி நாட்டுப் பிரஜை என்பதால் கைது செய்யப்பட்டு, போர் முடியும்வரை போலந்து, பிரான்சு, ஜெர்மனி ஆகிய இடங்களின் முகாம்களில் அடைபட்டுக் கிடந்தார். இருபது வயதில் உள்ளே போன இளைஞர் இருபத்தைந்து வயதுக்கு மேல்தான் வெளியே வந்தார். ஓர் இசைக்கலைஞரின் கைகளும் காதும் முழுமையாகத் தேறும் பருவம் அது.

அந்த ஆண்டுகளை அவர் இழந்துவிடவில்லை. முகாமில் இருந்தபடியே ஹார்மோனிகாவைச் சாதகம் செய்தார். சொற்றொடரை எப்படி எடுப்பது, எங்கே நிறுத்துவது, எங்கே குழைப்பது என்பதற்கு அவர் முன்மாதிரியாகக் கொண்டது வேறொரு ஹார்மோனிகாக் கலைஞரை அல்ல. வயலின் மேதை யாஷா ஹைஃபெட்ஸை. இதைப் படித்த பிறகு தட்டை மறுபடியும் போட்டுக் கேட்டேன். ஒரு சுரத்தைத் தொட்டதும் அசைக்காமல் நேராக நிறுத்தி, ஒரு கணம் கழித்தே அதில் மெல்லிய அதிர்வைச் சேர்ப்பது, மேலே ஏறும்போது ஒலியைப் பெருக்காமல் கூர்மையாக்குவது, முடிவுச் சுரத்தைத் தூக்கி எறியாமல் கீழே இறக்கி வைப்பது என எல்லாமே வயலின்காரரின் பழக்கங்கள். நாம் மவுத் ஆர்கன் என்றதும் எதிர்பார்க்கிற, உள்ளங்கையை மூடித் திறந்து உண்டாக்கும் ‘வா-வா’ ஒலியை அவர் பெரும்பாலும் ஒதுக்கியே வைத்திருக்கிறார்.

தட்டில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது வான் வில்லியம்ஸின் ‘ரொமான்ஸ்’. இது ரைலிக்காக எழுதப்பட்டது அல்ல. அமெரிக்காவின் பால்டிமோரில் பிறந்து பின்னாளில் லண்டனில் வாழ்ந்த ஹார்மோனிகாக் கலைஞர் லாரி ஆட்லருக்காக 1951-இல் எழுதப்பட்டு, 1952 மே மாதம் நியூயார்க்கில் அரங்கேறியது. அதே ஆண்டு லண்டனின் ‘ப்ரோம்ஸ்’ (Proms) இசைவிழாவில் வாசிக்கப்பட்டபோது அவையினர் அங்கேயே இன்னொரு முறை வாசிக்கக் கேட்டார்கள். எழுதும்போது வான் வில்லியம்ஸுக்கு எண்பது வயதை எட்டும் பருவம். அதற்கு முன் இந்த வாத்தியத்துக்கு அவர் எதுவும் எழுதியதில்லை. ஆனாலும் கருவியின் உள்ளமைப்பை அவர் எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார் என்பதற்கு ஒரு சான்று, அவர் தேர்ந்தெடுத்த சுருதி. படைப்பு டி-ஃப்ளாட் சுருதியில் அமைந்தது. மேற்கத்திய இசை பயில்பவர்களுக்கு இது ஐந்து ஃப்ளாட் குறிகள் (சுரத்தை அரைச் சுரம் இறக்கும் குறிகள்) கொண்ட, கொஞ்சம் சிரமமான சுருதி. ஆனால் சி சுருதியில் அமைந்த க்ரோமாட்டிக் ஹார்மோனிகாவில் பட்டனை அழுத்திப் பிடித்தால் கருவி முழுவதும் அரைச் சுரம் உயர்ந்து, அப்படியே டி-ஃப்ளாட் ஹார்மோனிகா ஆகிவிடுகிறது. இதைச் சோதித்துப் பார்க்க என் கருவியை எடுத்துப் பட்டனை ஆள்காட்டி விரலால் உள்ளே தள்ளிப் பிடித்து, மூன்று துளைகளைச் சேர்த்து மெல்ல ஊதினேன். ‘ரொமான்ஸ்’ தன் இருப்பிடமாகக் கொண்டிருக்கும் அந்த டி-ஃப்ளாட் மேஜர் கார்டு, எந்தப் பிரயாசையும் இல்லாமல் வாயிலிருந்து வந்தது. பட்டனை விட்டபோது அதே கார்டு அரைச் சுரம் கீழே சரிந்தது. இசையமைப்பாளர் விரலுக்கும் உதட்டுக்கும் இசைவான இடத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார் என்பது அந்த ஒரு மூச்சில் எனக்கு விளங்கிற்று.

வயலின் வகை வாத்தியங்களின் குழுவும் பியானோவும் மட்டுமே இதில் உடன் வாசிக்கின்றன; குழல் வாத்தியங்களும் பித்தளை வாத்தியங்களும் இல்லை. அதனால் ஹார்மோனிகாவின் ஒலியோடு போட்டியிட வேறு காற்றொலி கிடையாது. ரைலி கார்டுகளாக வாசிக்கும் இடங்களில் அவற்றின் மேல் சுரம் மட்டும் சற்றே முன்னால் வந்து நிற்க, கீழ்ச் சுரங்கள் வயலின்களுக்குள் கரைந்துவிடுகின்றன. ஒரே மூச்சில் பிறக்கும் மூன்று சுரங்களில் ஒன்றை மட்டும் எப்படி எடுப்பாகக் காட்டுகிறார் என்பது, பல முறை முயன்றும் எனக்குக் கைவராத வித்தை. ஆட்லர் வாசித்த பதிவையும் கேட்டிருக்கிறேன். ஆட்லரிடம் உணர்ச்சி மேலோங்கி நிற்கும். ஒரு பாடகர் மேடையின் முனைவரை வந்து நின்று பாடுவதுபோல் இருக்கும். ரைலி இரண்டடி பின்னால் நின்று, படைப்பை முன்னால் விடுகிறார். எனக்கு ரைலியின் வழி இந்தப் படைப்புக்குக் கூடுதலாகப் பொருந்துவதாகப் படுகிறது. மாற்றுக் கருத்து உடையவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். ஆட்லருக்கென்றே எழுதியது என்ற நியாயமும் அவர்கள் பக்கம் இருக்கிறது.

கார்டன் ஜேக்கபின் ‘ஃபைவ் பீசஸ்’ முதலில் கேட்டபோது எளிமையாகத் தோன்றியது: ஒரு துள்ளல், ஒரு தாலாட்டு, ஒரு ரஷ்ய நடனம், ஓர் இரங்கல், ஒரு நாட்டுப்புற நடனம். ஐந்தும் சிறியவை. ஆனால் ஜேக்கபின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்ட பிறகு இதே இசை வேறு விதமாகக் கேட்கத் தொடங்கியது. முதல் உலகப் போரில் போரிட்டு 1917-இல் ஜெர்மானியரிடம் சிறைபிடிபட்டவர் அவர். எண்ணூறு பேர் கொண்ட அவருடைய படைப்பிரிவில் உயிர் தப்பியவர்கள் அறுபது பேர்தான். அண்ணன் ஒருவரை அதற்கு முந்தைய ஆண்டு சோம் போர்க்களத்தில் இழந்திருந்தார். சிறைமுகாமில் கிடைத்த வாத்தியங்களையும் கிடைத்த ஆட்களையும் கொண்டு ஜேக்கப் ஒரு சிறு இசைக்குழுவை அமைத்து, அதற்கு ஏற்ப இசை எழுதிக் கொடுத்தார். கையில் இருக்கும் கருவி எதுவாக இருந்தாலும் அதன் வரம்புக்குள் நின்று நல்ல இசை எழுதுவது என்ற அவருடைய வாழ்நாள் கலையின் முதல் பாடம் அந்த முகாமில் நடந்திருக்கிறது. அவர் எழுதிய இசையை வாசிக்கும் ரைலியும், இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, வேறொரு போரில், அதே நாட்டவரிடம் கைதியாகி, தன் வித்தையைச் சிறைக்குள் கற்றவர்.

இரங்கல் பகுதியை இந்தச் செய்தியோடு சேர்த்துக் கேட்கும்போது என்னால் அதை ஒரு சிறு அலங்காரத் துண்டாக எண்ண முடியவில்லை. ஜேக்கப் எதை நினைத்து எழுதினார் என்று நான் ஊகிக்கப் போவதில்லை. அதற்கு அவசியமும் இல்லை. மெதுவாக நகரும் ஒரு வரியை ரைலி எங்குமே அழுத்திச் சொல்லாமல், ஒலி தேய்ந்து மறையும் எல்லைவரை கொண்டுபோய், அங்கேயே நிறுத்தி வைத்திருக்கிறார். மெல்லிய மூச்சில் ஹார்மோனிகாவின் ரீடு சட்டென்று பேசாமல் நின்றுவிடும். அல்லது சுருதி பிசகும். அவ்வளவு குறைந்த காற்றில் சுருதி பிசகாமல் ஒரு நீண்ட சுரத்தைத் தாங்கி நிற்பது, வேகமான ரஷ்ய நடனத்தை வாசிப்பதைவிடப் பல மடங்கு கடினம். தட்டில் ஒரே ஒரு பகுதியைக் கேட்டுவிட்டு முடிவு செய்ய விரும்புகிறவர்களுக்கு நான் இதைத்தான் பரிந்துரைப்பேன்.

டௌஸ்கி இன்றைய செக் நாட்டின் மொராவியாவில் பிறந்து, செக் இசையமைப்பாளர் யானாச்செக்கிடம் பயின்று, நாஜிகளிடமிருந்து தப்பி இங்கிலாந்து வந்து சேர்ந்தவர். இசைக்குழு நடத்துநராகவே பெரிதும் அறியப்பட்டவர். அவருடைய ‘கான்செர்ட்டினோ’ ரைலிக்காக 1963-இல் எழுதப்பட்டது. நான்கு படைப்புகளில் வாசிப்பவரின் திறமையை மிக வெளிப்படையாகச் சோதிப்பது இதுதான். துரிதமான பகுதிகளில் துளைவிட்டுத் துளை தாவும் ஓட்டமும், பட்டனை அழுத்தி விடுவதும், மூச்சுத் திருப்பமும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வருகின்றன. அப்போதும் ஒலியின் நிறம் மாறவில்லை. ஜேம்ஸ் மூடியின் தொகுதி இலகுவானது, இனிமையானது. பெல்ஃபாஸ்ட்டைச் சேர்ந்த மூடி நீண்ட காலம் ரைலிக்குப் பியானோ பக்கவாத்தியம் வாசித்தவர். நண்பரின் மூச்சு எங்கே நீளும், எங்கே குறையும் என்று அறிந்து தைத்துக் கொடுத்த சட்டைபோல் அது அவருக்குப் பொருந்துகிறது. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை.

1945-இல் லண்டன் திரும்பிய ரைலி, ஹார்மோனிகாவைக் கச்சேரி வாத்தியமாக ஏற்கச் செய்வதையே தன் பணியாகக் கொண்டார். அது எளிய காரியமாக இருக்கவில்லை. அமெரிக்காவில் இசைக்கலைஞர்களின் தொழிற்சங்கம் 1940-களின் பிற்பகுதிவரை ஹார்மோனிகாவை ஓர் இசைக்கருவியாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. நமக்கு இது புதிய கதை அல்ல. இதே ரீடு வகையைச் சேர்ந்த ஹார்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940-இலிருந்து 1971வரை விலக்கி வைத்திருந்தது. நம்மிடம் சொல்லப்பட்ட காரணம் சுருதியும் கமகமும். அங்கே சொல்லப்பட்ட காரணம் இது பொம்மை, சிறுவர் விளையாட்டு என்பது. இதற்கு ரைலி வாதத்தால் பதில் சொன்னதைவிடப் படைப்புகளால் பதில் சொன்னார். தனி வாத்தியத்துக்கென எழுதப்பட்ட இசை இல்லாவிட்டால் எவ்வளவு திறமை இருந்தும் ஒருவர் வயலின் பாட்டுகளையும் பியானோ பாட்டுகளையும் கடன் வாங்கியே காலம் தள்ள வேண்டும் என்பதை உணர்ந்து, இசையமைப்பாளர்களை அணுகினார். மைக்கேல் ஸ்பிவகோவ்ஸ்கி 1951-இல் அவருக்கு ஒரு கான்செர்ட்டோ (தனி வாத்தியமும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) எழுதினார். ராபர்ட் ஃபார்னன் போன்றவர்கள் பின்தொடர்ந்தார்கள்.

கருவியையும் அவர் விட்டுவைக்கவில்லை. 1960-களில் வெள்ளியாலான கச்சேரி ஹார்மோனிகா ஒன்றை உருவாக்கச் செய்து அதையே வாசித்தார். பின்னர் ஹார்மோனிகா தயாரிக்கும் ஹோனர் நிறுவனம் அந்த வழியில் சில்வர் கான்செர்ட்டோ என்ற கருவியை வெளியிட்டது. இடையில் வாழ்க்கை நடத்த வானொலி, தொலைக்காட்சி, திரைப்படம் என எல்லாவற்றிலும் வாசித்தார். பிபிசியின் ‘டிக்சன் ஆஃப் டாக் கிரீன்’ என்ற காவலர் தொடரின் முகப்பு இசையில் பிரிட்டனின் வீடுகள் பல ஆண்டுகள் கேட்ட ஹார்மோனிகா அவருடையதுதான். செவ்வியல் கலைஞர் ஒருவர் அத்தகைய வேலைகளை ஏற்றதைக் குறையாகப் பேசுவோர் உண்டு. அந்த வருமானம் இல்லையென்றால் இந்தத் தட்டே இருந்திருக்காது என்று நான் நினைக்கிறேன். நார்வேயின் சிக்முண்ட் க்ரோவன் அவரிடம் பயின்று அதே வழியில் தொடர்ந்தவர். 1992-இல் ரைலிக்குப் பிரிட்டனின் எம்.பி.இ. விருது வழங்கப்பட்டது, 2000 செப்டம்பரில், எண்பத்தொரு வயதில், இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் காலமானார்.

இனி வாங்குவோருக்குச் சில நடைமுறைச் செய்திகள். மூல வெளியீடு எல்.பி. தட்டு என்பதால் முழுவதும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். குறுந்தட்டுக்கு இது குறைவு என்று சிலருக்குத் தோன்றலாம். நான்கு படைப்புகளுமே மென்மையான குணம் கொண்டவை. ஒரே அமர்வில் கேட்டால் நடுவில் ஒரு சமதளம் வந்துவிடுகிறது. அதனால் நான் ஒரு நாளைக்கு ஒரு படைப்பு என்று கேட்கிறேன். முழு ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எதிரே ஹார்மோனிகா நின்று போராடும் பெரிய கான்செர்ட்டோ எதுவும் இதில் கிடையாது. அதைக் கேட்க விரும்புவோருக்கு, ஸ்பிவகோவ்ஸ்கி, மால்கம் அர்னால்ட், வில்லா-லோபோஸ் மூவரின் கான்செர்ட்டோக்களையும் ரைலி வாசித்த இன்னொரு தட்டு சாண்டோஸ் வெளியீடாகவே உண்டு. பின்னிரண்டும் வேறு ஹார்மோனிகாக் கலைஞர்களுக்காக எழுதப்பட்டவை: அர்னால்டுடையது ஆட்லருக்காக, வில்லா-லோபோஸுடையது ஜான் செபாஸ்டியனுக்காக. இரண்டில் ஒன்றை மட்டும் வாங்க முடியும் என்றால், நான் முதலில் மாரினரோடு வாசித்த இந்தத் தட்டையே வாங்கச் சொல்வேன்.

நான் வாங்கியது பழைய பிரதி. விற்றவர் அனுப்பிய பெட்டியின் மூடி விரிசல் விட்டிருந்தது. உள்ளே இருக்க வேண்டிய குறிப்பேடு இல்லை. பழைய தட்டு வாங்குவோர் குறிப்பேடு இருக்கிறதா என்று முன்பே கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது, ஏனெனில் பரிச்சயமில்லாத இசையமைப்பாளர்கள் நால்வரைப் பற்றி ஓரிரு பக்கமாவது படித்துவிட்டுக் கேட்பது இந்த இசைக்குப் பெரிய உதவி. தட்டில் கீறல் எதுவும் இல்லை. சிறிய ஒலிபெருக்கியில் கேட்டபோது வயலின்களின் கீழ்ச் சுரங்கள் காணாமல் போய், ஹார்மோனிகா மட்டும் உரத்து ஒலித்தது. ஹெட்போனில் கேட்டபோதுதான் இரண்டும் சேர்ந்து சமநிலைக்கு வந்தன. ‘ரொமான்ஸ்’ முடியும் இடத்தில் ஒலி மிகவும் தணிந்துவிடும் என்பதால், மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.